அடுத்து வருபவருக்கு விறகு

தடுப்புக் கம்பத்தருகே இங்குன் காரை நிறுத்தியபோது மதியம் இரண்டரை மணிதான் ஆகியிருந்தது. ஆனால் வெளிச்சம் அப்போதே வடியத் தொடங்கிவிட்டது. நவம்பர் மாதத்தில் அந்த மலைமேல் பகல் என்பது ஒரு பேச்சுக்குத்தான். இங்கிருந்து அவள் வாடகைக்கு விடும் குடிலுக்கு மூன்று கிலோமீட்டர். பனி விழுந்த பிறகு கார் போகாது. பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு சறுக்கித்தான் போக வேண்டும்.

துவைத்த படுக்கை விரிப்புகள், மெழுகுவர்த்திகள், காப்பித் தூள், ரொட்டி எல்லாவற்றையும் சிறிய சறுக்குவண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, ஹால்வர் டிராக்டரை அவள் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். கீழே பள்ளத்தாக்கில் பண்ணை வைத்திருப்பவர். குளிர்காலத்தில் கார்கள் நிற்கும் இடத்தில் பனியை வாரித் தள்ளுவதும், மேலே இருக்கும் நாற்பது குடில்கள் மீது ஒரு கண் வைத்திருப்பதும் அவர் வேலை. எந்தக் குடிலில் திரைச்சீலை மாறியது என்பதுகூட அவருக்குத் தெரியும்.

"வா, விறகு இன்ஸ்பெக்டர்," என்றார்.

அந்தப் பட்டம் பழையது. வாடகைக்கு வந்த ஒரு தம்பதி விறகுப் பெட்டியை அரைகுறையாக நிரப்பிவிட்டுப் போனதற்காக, இங்குன் அவர்களுக்கு ஒரு பக்க நீளத்துக்குக் கடிதம் எழுதியிருந்தாள். அது எப்படியோ பள்ளத்தாக்கு முழுக்கப் பரவிவிட்டது. முன்பெல்லாம் அந்தக் கிண்டலுக்கு அவளும் சிரிப்பாள்.

"நேத்தே மேல போய் எல்லாம் ரெடி பண்ணிட்ட போல?" என்று கேட்டார் ஹால்வர்.

"நேத்தா? நான் ஊர்லயே வேலைக்குப் போயிருந்தேன்."

"உன் புகைபோக்கியில புகை வந்துச்சே. நல்லாக் காஞ்ச விறகுப் புகை. வெள்ளையா, நேரா ஏறுச்சு."

கண்ணாடியை மாற்றச் சொன்னாள். கண்ணாடி புதுசுதான் என்றார் அவர். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். பிப்ரவரியில் அவள் குடிலில் இறந்துபோனவரின் மகள் தன்னையும் தொலைபேசியில் கூப்பிட்டு வழி கேட்டதாகச் சொன்னார். இன்று சாயங்காலம் வருகிறாளாம். அப்பாவுக்கு நாளை எழுபத்தைந்து முடிந்திருக்கும், அதனால் ஓர் இரவு அந்த இடத்தில் இருந்துவிட்டுப் போக வேண்டுமாம்.

"அடுப்பு ஜில்லுன்னு கிடந்துச்சு, ஒரு குச்சிகூடக் கொளுத்தலன்னு அன்னைக்கு அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னது நான்தான்," என்றார். "சொல்லாம இருந்திருக்கலாம். அவ அதை வேற மாதிரி எடுத்துக்கிட்டா."

இங்குன் கயிற்றை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினாள். தேவையில்லாத முடிச்சு.

மேலே போகும் வழி நெடுக, பாதையைக் காட்ட நட்டிருந்த குச்சிகளை ஒவ்வொன்றாகக் கடந்தாள். காற்று இல்லை. கட்டைகள் பனியில் உரசும் ஓசையைத் தவிர வேறு ஓசை இல்லை. ஒன்பது மாதங்களாக எதை நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தாளோ, அதை நினைக்க அந்த மூன்று கிலோமீட்டர் போதுமானதாக இருந்தது.

அவள் அப்பா கட்டிய குடில். ஓர் அறை, இரண்டு அடுக்குக் கட்டில், ஓர் இரும்பு அடுப்பு. மின்சாரம் கிடையாது, குழாய் கிடையாது, தொலைபேசிச் சிக்னல் கிடையாது. கழிப்பறை வெளியே இருபது அடி தள்ளி. இந்த எளிமையைத்தான் ஆட்கள் தேடி வருகிறார்கள். அந்த மாதிரிக் குடில்களில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. கிளம்பிப் போகிறவர் விறகுப் பெட்டியை நிரப்ப வேண்டும். அடுப்புக்குள் பிர்ச் மரப்பட்டை, மேலே சிராய், அதன்மேல் மூன்று பிளவு விறகு என்று அடுக்கித் தீப்பெட்டியை மேலே வைத்துவிட்டுப் போக வேண்டும். அடுத்து வருபவர் விரல் விறைத்து வரலாம். தீக்குச்சியை உரசுவது ஒன்றுதான் அவர் செய்யவேண்டியதாக இருக்க வேண்டும். இங்குன் அந்தச் சட்டத்தை எழுதியே வைத்தாள். கதவின் உள்பக்கம், பெரிய எழுத்தில், இரண்டு இடத்தில் அடிக்கோடிட்டு.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அங்கிருந்து கிளம்பினாள். காலையில் காப்பி குடித்துக்கொண்டே வந்து போகிறவர்கள் எழுதும் குடில் புத்தகத்தில் வழக்கமான வரிகளை எழுதினாள். மைனஸ் பன்னிரண்டு, தெளிந்த வானம், விறகு நிரப்பியாயிற்று, அடுப்பு தயார். எழுதியபோது அது பொய்யில்லை. செய்யத்தான் போகிறாள். பிறகு பை கட்டுதல், குப்பை, தரை கூட்டுதல். கடிகாரத்தைப் பார்த்தால் ஒன்றே முக்கால். இரண்டு மணிக்குள் இறங்கத் தொடங்காவிட்டால் மலையிலிருந்து நகரத்துக்குத் திரும்பும் மொத்தக் கூட்டத்தின் கார் வரிசையில் மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் ஊர வேண்டும். வெளியே இருந்த விறகுக் கொட்டகையைப் பூட்டினாள். வாடகைக்காரர்கள் விறகை அளவில்லாமல் எரிக்கிறார்கள் என்று அவளே வாங்கி மாட்டிய பூட்டு. சாவியை ஆணியில் மாட்டாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள்.

வரிசைக்கு முன்னால் போய்விட்டோம் என்று அன்று சந்தோஷப்பட்டது அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஒத்வார் என்ற எழுபத்துநான்கு வயது மனிதர் தனியாக வந்தார். அன்று இரவு மைனஸ் இருபத்துநான்கு. பெரிய காற்று. கீழே நின்ற கார் பனியில் மூடிக்கிடப்பதைப் பார்த்துச் செவ்வாய்க்கிழமை ஹால்வர் மேலே போனார். எல்லா உடுப்பையும் போட்டுக்கொண்டு, சுவரோரப் பெஞ்சில் தூக்கப் பைக்குள் உட்கார்ந்தபடியே ஒத்வார் இறந்திருந்தாராம். விறகுப் பெட்டியின் மூடியை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. கொட்டகைப் பூட்டுக்குச் சாவி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. வயதானவர், இதயம், குளிர் என்று எழுதி முடித்தார்கள். அவர் மனைவி முந்தைய இலையுதிர்காலத்தில்தான் இறந்திருந்தாள் என்பது தெரிந்ததும், அவராகவே கொளுத்தாமல் இருந்துவிட்டார் என்று எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

சுத்தம் செய்யப் போன இங்குன்தான் குடில் புத்தகத்தைத் திறந்தாள். அவளுடைய பொய் வரிக்கு நேர் கீழே அவர் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்தாள். அடுப்பில் போட்டாள். அந்த அடுப்பில் ஒத்வாரின் பெயரால் எரிந்தது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகுதான் நன்றிகள் வரத் தொடங்கின.

ஏப்ரலில் வந்த ஒரு குடும்பம் புத்தகத்தில் எழுதியது: 'அடுப்பில் எல்லாம் அழகாக அடுக்கி வைத்திருந்தீர்கள். குழந்தைகள் விறைத்துப்போய் வந்தார்கள். ஒரே குச்சி, உடனே சூடு. நன்றி.' அவர்களுக்கு முன்னால் தங்கிய மாணவர்கள் எதையும் அடுக்காமல் போனது இங்குனுக்குத் தெரியும். ஜூலையில்கூட ஒருவர் அதையே எழுதினார். இதை யார் செய்கிறார்கள் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. 'மகிழ்ச்சி, மீண்டும் வருக' என்று ஒவ்வொருவருக்கும் பதில் அனுப்பினாள். அந்த நன்றிகளை அவள் வாங்கிக்கொண்டாள். அதை நினைக்கும்போதுதான் உடம்பு கூசியது. பயம் என்றால் ஓடிவிடலாம். வெட்கம் ஓட விடாது. நின்ற இடத்திலேயே, யாரோ பார்த்துக்கொண்டிருக்க, நிற்க வைக்கும்.

குடில் கண்ணில் பட்டபோது முழுதாக இருட்டிவிட்டது. புகைபோக்கியில் புகை இல்லை. ஆனால் பிர்ச் விறகு எரிந்த வாசனை அந்த இடத்தில் லேசாகத் தங்கியிருந்தது.

கதவைத் திறந்தாள். உள்ளே வெளியைவிடக் குளிராக இருந்தது. மெழுகுவர்த்தியை ஏற்றினாள்.

அடுப்பின் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே பட்டை, சிராய், மூன்று பிளவு விறகு. மேலே தீப்பெட்டி.

விறகுப் பெட்டியின் மூடியைத் தூக்கினாள்.

விளிம்புவரை நிறைந்திருந்தது.

அவள் வெட்டும் நீளமில்லை. ஒரு சாண்தான் இருந்தது ஒவ்வொன்றும், நகரத்து வீட்டுச் சின்ன அடுப்புக்கு ஒருவர் வாழ்நாள் முழுவதும் வெட்டிப் பழகிய அளவு. முனைகள் புதிதாக, மஞ்சளாக இருந்தன. பச்சை மரவாடை அடித்தது. கூரைக்குக் கீழே, மூடிய பெட்டிக்குள் இருந்த அந்த விறகு முழுக்க உறைபனி பூத்திருந்தது.

தீக்குச்சியை உரசிப் பட்டையில் வைத்தாள். நன்றாகக் காய்ந்த பட்டை. எண்ணெய் போலப் பற்றவேண்டியது. சுடர் அதை நக்கிவிட்டு அணைந்தது. இன்னொரு குச்சி. இன்னொன்று. பன்னிரண்டாவது குச்சியில் விரல் சுட்டது. பட்டையின் ஓரம்கூடக் கருகவில்லை.

எல்லோருக்கும் எரிந்தது. அவளுக்கு எரியவில்லை.

அப்போதுதான் வெளியே அந்த ஓசை கேட்டது.

தொப்.

நீண்ட இடைவெளி. மூச்சு வாங்கிக்கொள்ளும் வயதானவரின் இடைவெளி.

தொப்.

கொட்டகைப் பக்கம். நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கால்கள் தாமாக நடந்தன. கொட்டகைக் கதவில் பூட்டு தொங்கியது. சாவி அவள் பையில் இருந்தது. கதவைச் சுற்றிப் பனி காலடி படாமல் கிடந்தது.

உள்ளே யாரோ கட்டையை எடுத்து வைக்கும் சத்தம். கோடரி இறங்கும் சத்தம். பிளந்த துண்டுகளைப் பொறுமையாக அடுக்கும் சத்தம்.

அவளால் பூட்டைத் திறக்க முடியவில்லை. உள்ளே இருப்பவர் திரும்பிப் பார்த்துக் கோபப்பட்டால் தாங்கிக்கொள்ளலாம். நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது.

பாதையில் ஒரு விளக்கு ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது.

ஒத்வாரின் மகள் தோர்டிஸ் நாற்பது வயதுப் பெண். உருண்ட தோள்கள், உரத்த குரல். நகரத்தில் பேருந்து ஓட்டுபவள். உள்ளே வந்து பையை இறக்கிவிட்டுக் கையுறையைக் கழற்றியவள், அடுப்பைப் பார்த்தாள். அதைச் சுற்றிக் கிடந்த அணைந்த குச்சிகளையும் பார்த்தாள். குடில் வைத்திருப்பவளுக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியாதா என்று சிரித்தாள். தானும் குனிந்து நான்கு குச்சி உரசினாள். பற்றவில்லை. மரம் ஈரமாக இருக்கும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுந்தாள்.

"ஆமா, வெளியில யாரோ விறகு வெட்டிட்டிருக்காங்களே. உங்க வீட்டுக்காரரா? வணக்கம் சொன்னேன், காதுல விழல போல."

இங்குன் தரையில் கிடந்த குச்சிகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"பக்கத்துக் குடில்காரங்க," என்றாள். "குளிர்ல சத்தம் ரொம்ப தூரம் வரும்."

சொல்லி முடித்த நொடியில் வெளியே ஓசை நின்றது.

முழுதாக நின்றது. யாரோ கோடரியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுப்பது போல.

தோர்டிஸ் மேற்சட்டையைக் கழற்றாமலே சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள். இந்த இடத்தில்தானா என்று கேட்டாள். இங்குன் தலையை அசைத்தாள். தோர்டிஸ் உள்ளங்கையால் பெஞ்சின் பலகையைத் தடவினாள். பிறகு தெர்மாஸிலிருந்து இரண்டு கோப்பையில் கோகோ ஊற்றி, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியில் ஒன்றை இங்குனுக்கு நீட்டினாள். இறந்தவரின் மகள் கொடுக்கும் ரொட்டி. இங்குன் அதை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

தோர்டிஸ் பேசிக்கொண்டே போனாள். அம்மா போன பிறகு அப்பா சாப்பிடவே இல்லையாம். ஞாயிறு தவறாமல் அவள் வீட்டுக்கு வருவார். வந்து, யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று வாசல் பக்க நாற்காலியிலேயே உட்காருவார். மலைக்குப் போகிறேன் என்று அவர் சொன்னபோது, நல்லதுதான் போங்கள் என்று அனுப்பியது அவள்தான்.

"அந்த வெள்ளிக்கிழமை, சிக்னல் இருக்கற இடத்துலேர்ந்து கூப்பிட்டிருக்காரு. நான் எடுக்கல. வண்டி ஓட்டிட்டிருந்தேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். ஓட்டல. டிப்போவுல சும்மா உக்காந்திருந்தேன். அவரு குரலைக் கேட்டா அழுகை வருமேன்னு எடுக்கல." கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பக்கத்துல விறகு, கையில தீப்பெட்டி. மனுஷன் கொளுத்தவே இல்ல. ஏன்னு எனக்குத் தெரியும். ஒன்பது மாசமா தினமும் தெரியுது."

அவள் குரல் உடையவில்லை. அதுதான் இங்குனை உடைத்தது.

இதுவரை தன் வெட்கத்தைத் தன்னுடைய சொத்து போல, தான் மட்டும் சுமப்பது போல நினைத்திருந்தாள். இல்லை. அதன் பாரம் முழுவதையும் இந்தப் பெண் சுமந்துகொண்டு பேருந்து ஓட்டியிருக்கிறாள். சொன்னால் போலீஸ் வரலாம், குடில் போகலாம், பள்ளத்தாக்கு முழுக்க முகத்தைத் திருப்பலாம். சொல்லாவிட்டால் இந்தப் பெண் நாளை காலை இதே எண்ணத்தோடு கீழே இறங்கிப் போவாள். சாகும்வரை இறங்கிக்கொண்டே இருப்பாள்.

"விறகு இல்ல," என்றாள் இங்குன்.

"என்னது?"

"அன்னைக்குப் பெட்டி காலி. அடுப்பும் காலி. கொட்டகை பூட்டியிருந்துச்சு. சாவி எங்கிட்ட இருந்துச்சு, கீழ கியோவிக் ஊர்ல, சட்டைப் பையில. கார் வரிசையில மாட்டக் கூடாதுன்னு அவசரமாக் கிளம்பிட்டேன். நிரப்பிட்டேன்னு புத்தகத்துல எழுதிட்டேன். உங்கப்பா சாகணும்னு வரல. அவரு எழுதியிருந்தாரு. நான் அந்தப் பக்கத்தைக் கிழிச்சு எரிச்சுட்டேன்."

மெழுகுவர்த்தி நேராக எரிந்தது. எங்கோ கூரையின் மரம் குளிரில் முறுகியது.

தோர்டிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். அடித்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று இங்குன் நினைத்தாள், நினைத்ததற்கே கூசினாள்.

"என்ன எழுதியிருந்தாரு?"

இங்குனுக்கு அது மனப்பாடம். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"'நாலு மணிக்கு வந்தேன். விறகு தென்படவில்லை, கொட்டகைச் சாவியும் கிடைக்கவில்லை. சரியாகத் தேடத் தெரியாதது என் தவறாக இருக்கும். வெளிச்சம் வந்ததும் மறுபடி பார்க்கிறேன். வீடு மிக அழகாக இருக்கிறது. நாளை தோர்டிஸிடம் சொல்ல வேண்டும், அடுத்த முறை அவளும் வரட்டும்.'"

தோர்டிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"இந்த நாலு நாற்காலியும் அப்பவும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"இந்த மேசை? அந்த அலமாரி?"

"எல்லாம்."

"எல்லாமே மரம்." அவள் சிரித்த மாதிரி இருந்தது. "உறைஞ்சு போற நேரத்துலகூட அடுத்தவங்க நாற்காலியில கை வைக்கல. பாவி மனுஷா."

பிறகு கையை நீட்டினாள். "சாவி."

நெற்றி விளக்கோடு வெளியே போனாள். பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. கோடரியோடு திரும்பி வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. உள்ளே யாரும் இல்லை என்றாள். கோடரி வெட்டுக்கட்டையில் செருகி இருந்தது. வெட்டிய தூள் ஒரு துளிகூட இல்லை. ஆனால் கோடரிப் பிடி சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் கை எடுத்தது போல.

அருகிலிருந்த நாற்காலியைக் கவிழ்த்தாள். இங்குனின் அப்பா செய்த நாற்காலி. தோர்டிஸ் அனுமதி கேட்கவில்லை. முதல் வெட்டில் கால் ஒன்று பறந்தது. நான்கு கால், முதுகுப் பலகை, இருக்கை என்று மூச்சிரைக்க, அழுதுகொண்டே வெட்டினாள். அடுப்பில் அடுக்கியிருந்ததைக் கையால் வாரித் தரையில் எறிந்துவிட்டு நாற்காலியைத் திணித்தாள். குச்சியை உரசினாள்.

பற்றிக்கொண்டது. வார்னிஷ் பொரிந்தது. இரும்பு முனகியது. மெல்ல மெல்லச் சூடு அறைக்குள் இறங்கியது. தரையில் சிதறிய விறகின் உறைபனி உருகிப் பலகையில் ஓடியது.

உங்களை மன்னித்தேன் என்று தோர்டிஸ் சொல்லவில்லை, இங்குனும் கேட்கவில்லை. நாளை ஹால்வரிடம் நீங்களே சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னாள். சொல்கிறேன் என்றாள் இங்குன்.

வாசற்படியில் யாரோ பூட்ஸை உதறினார்கள்.

இடது கால். வலது கால். மறுபடி இடது. அடுத்தவர் வீட்டுத் தரையில் பனி சிந்தக் கூடாது என்று பார்த்துப் பார்த்து உதறும் ஓசை.

கதவைத் தட்டவில்லை. காத்திருந்தார்கள்.

தோர்டிஸ் நிமிரவில்லை. நெருப்பையே பார்த்துக்கொண்டு, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். ஓர் ஆள் உட்காரும் இடம்.

இங்குன் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். இருட்டு. பனி. வாசற்படி வெறுமையாக இருந்தது. கதவை இழுத்துச் சாத்தப் பார்த்தாள்.

வரவில்லை.

காற்று இல்லை. எதுவும் தடுக்கவில்லை. ஒரு கையின் கனம் மட்டும் மறுபக்கத்தில் இருந்தது. முரட்டுத்தனம் இல்லாத, பிடித்துக்கொண்டு காத்திருக்கும் கனம்.

"நீங்க முதல்ல உள்ள வாங்க," என்று பின்னாலிருந்து தோர்டிஸ் கிசுகிசுத்தாள். "வீட்டுக்காரங்க உள்ள வராம அப்பா நுழைய மாட்டாரு."

இங்குன் கைப்பிடியை விட்டாள். முகம் எரிய, முதுகைக் காட்டி, ஓரடி உள்ளே எடுத்து வைத்தாள். இன்னோர் அடி.

அவளுக்குப் பின்னால் கதவு ஓசைப்படாமல் மூடிக்கொண்டது. உள்பக்கத் தாழ்ப்பாள், மெதுவாக, தன் இடத்தில் இறங்கியது.